விருந்தாளி எட்டு வருஷம் தங்கினால்

ஆபீஸில் புதிதாகச் சேரும் பிள்ளைகள், லேப்டாப் கைக்கு வந்த முதல் நாளே என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணா, எல்லாத்தையும் நேரா மெஷின்லயே போட்டுடட்டுமா, இல்ல ஒரு விஎம் போட்டு அதுக்குள்ள வச்சுக்கட்டுமா?" ஏழெட்டு வருடமாக நான் யோசிக்காமல் சொல்லிவந்த பதில், "விஎம் போடு, நிம்மதியா இரு." கெட்டுப்போனால் ஸ்னாப்ஷாட்டுக்கு, அதாவது முன்பே பதிந்துவைத்த நிலைக்கு, திரும்பிவிடலாம், லேப்டாப் மாறினால் ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம், சொந்த மெஷின் கல்யாண வீட்டுக் கூடம் மாதிரி ஆகாமல் சுத்தமாக இருக்கும். 2025 செப்டம்பருக்குப் பிறகு அந்தப் பதில் வாயில் வரமாட்டேன் என்கிறது. அதற்காக "மெஷின்லயே போடு" என்றும் சொல்ல முடியவில்லை. கேட்கிற பிள்ளைகளிடம் இப்போதெல்லாம் "நீ என்ன வேலை செய்யப்போற, சொல்லு" என்று ஆரம்பித்து அரைமணி நேரம் அறுக்கிறேன். அந்த அரைமணி நேரத்தைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

(விஎம் என்றால் ஒரு கணினிக்குள்ளேயே மென்பொருளால் ஓட்டும் இன்னொரு கணினி. மெய்நிகர் கணினி என்று அழகான சொல் இருக்கிறது. ஆனால் எங்கள் ஆபீஸில் அப்படிச் சொன்னால் திரும்பிப் பார்ப்பார்கள். விஎம் என்றே இருக்கட்டும்.)

நான் விஎம் பக்கம் ஒதுங்கியதற்குக் காரணம் பயம்தான், பெரிய தத்துவம் எதுவும் கிடையாது. 2011-இல் வாங்கிய என் முதல் டெஸ்க்டாப்பில் எல்லாவற்றையும் விண்டோஸிலேயே நேரடியாகப் போட்டிருந்தேன். வலைத்தளம் எழுத வேண்டியதையெல்லாம் மொத்தமாக நிறுவும் ஸாம்ப் போட்டால், அதில் உள்ள அப்பாச்சி என்ற வெப் சர்வர் எழுந்திருக்காது. அதற்கு வாசலாக வேண்டிய 80-ஆம் போர்ட்டை ஏதோ ஒரு வீடியோ அழைப்பு மென்பொருள் முதலிலேயே பிடித்து உட்கார்ந்திருக்கும், அது தெரியாமல் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன். அப்புறம் நான் நிரல் எழுதும் மொழியான பிஎச்பியில் ஒரு வாடிக்கையாளருக்கு 5.3, இன்னொருவருக்கு 5.5, இரண்டும் ஒரே மெஷினில். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது படுத்துக்கொள்ளும். வருடத்துக்கு ஒருமுறை ஃபார்மேட் அடிப்பது பொங்கலுக்கு வெள்ளையடிப்பது மாதிரி வழக்கமாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் ஒரு நண்பன் விஎம் ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸைக் காட்டிக்கொடுத்தான். முதல் நாள் அதில் 32-பிட் மட்டுமே பட்டியலில் வந்தது, கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போய், சிப்பில் விஎம்முக்கென்று இருக்கும் விடி-எக்ஸ் என்ற ஒரு சுவிட்சைப் போட்டதும் 64-பிட்டும் வந்தது. விண்டோஸ் ஜன்னலுக்குள் உபுண்டு என்ற லினக்ஸ் எழுந்து நின்றதைப் பார்த்தபோது ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் வேடிக்கையான வரலாறு இது. 1972-இல் ஐபிஎம் தன் விஎம்/370-ஐக் கொண்டுவந்தபோது தேவை வேறு. இருப்பது ஒரே பெரிய கணினி, உபயோகிக்க ஆட்கள் பலர், ஒவ்வொருவருக்கும் தனக்கென்று ஒரு மெஷின் இருப்பது போன்ற தோற்றத்தை உண்டாக்கவேண்டும். கூட்டுக்குடும்பத்தில் தடுப்பு அடித்து ஆளுக்கொரு அறை கொடுத்த மாதிரி. பிறகு பிசி வந்து எல்லாருக்கும் தனி வீடே கிடைத்துவிட்டது. 1999-இல் விஎம்வேர் என்ற நிறுவனம் அந்தத் தனி வீட்டுக்குள்ளும் தடுப்பு அடிக்க வழிசெய்தது. இப்போது ஒரே ஆள், ஒரே லேப்டாப், உள்ளே நாலு தடுப்பு, நாலிலும் அவனே குடியிருக்கிறான்.

தடுப்புக்குச் செலவு உண்டு, ஆனால் நாம் நினைக்கிற இடத்தில் இல்லை. 2005, 2006-இல் இன்டெலும் ஏஎம்டியும் சிப்பிலேயே இதற்கு வழி வைத்தபிறகு, வெறும் கணக்குப் போடுவதில் விஎம்முக்கும் நிஜ மெஷினுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அடி விழுவது மெமரியிலும் டிஸ்க்கிலும். மெமரி என்பது பாகப்பிரிவினை. எட்டு ஜிபியில் நாலை விஎம்முக்கு எழுதிக்கொடுத்தால் அந்த நாலு கிட்டத்தட்டப் போனமாதிரிதான், இந்தப் பக்கம் பிரவுசர் மூச்சுத் திணறினாலும் திரும்பி வராது. நான் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ராம் வாங்கிய பணத்தில் பாதி இந்தப் பாகப்பிரிவினைக்குத்தான் போயிருக்கும். டிஸ்க்கில் இன்னும் மோசம். கோட் ஃபைல்களை விண்டோஸில் வைத்து, பகிர்ந்த ஃபோல்டர் வழியாக விஎம்முக்குள் ஓட்டினால், ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்கள் வந்து விழுகிற, ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்கள் உள்ள நோட் மாட்யூல்ஸ் மாதிரி ஃபோல்டரைத் தொடும்போது டீ குடித்துவிட்டு வரலாம். அதோடு, இந்தப் பக்கம் ஃபைலைச் சேமித்தால் அந்தப் பக்கம் தகவலே போகாது. மாறினால் தானாகப் புதுப்பிக்கவேண்டிய சர்வர் சும்மா உட்கார்ந்திருக்கும். நாம் நம்முடைய கோடில்தான் தப்பு என்று நினைத்துத் தலையைப் பிய்த்துக்கொள்வோம்.

இவ்வளவும் தெரிந்துதான் விஎம்மிலேயே இருந்தேன். சர்வர் எப்படியோ அப்படியே என் மெஷினும் இருக்கிறது என்கிற நிம்மதி. விண்டோஸில் பில்.பிஎச்பி என்பதைப் பெரிய எழுத்தில் தொடங்கினாலும் சின்ன எழுத்தில் தொடங்கினாலும் ஒரே ஃபைல்தான், லினக்ஸ் சர்வரில் போட்டதும் ஃபைலைக் காணோம் என்று நிற்கும். விஎம்மில் அந்தத் தப்பு அன்றைக்கே தெரிந்துவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே பல பேரோடு சண்டை போட்டிருக்கிறேன்.

அண்ணாச்சி கடை

விருதுநகரில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஒரு அண்ணாச்சிக்கு 2017-இல் பில் போடும் மென்பொருள் ஒன்று எழுதிக்கொடுத்தேன். ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்த நேரம், ஊரே பரபரத்துக்கொண்டிருந்தது. கடையின் மூலையில் ஒரு டெஸ்க்டாப், அதில் உபுண்டு 14.04, அதோடு வந்த பிஎச்பி 5.5, தரவுத்தளத்துக்கு மைசீக்குவல். நிஜ மெஷின், தடுப்பு கிடுப்பு எதுவும் இல்லை. மேலே பிள்ளையார் படம், பக்கத்தில் பட்டுப்போன யூபிஎஸ். அதற்கு ஜோடியாக என் லேப்டாப்பில் அதே உபுண்டு 14.04-ஐ வைத்து ஒரு விஎம். கடையில் ஏதாவது மாற்றவேண்டுமென்றால் முதலில் விஎம்மில் செய்து பார்ப்பேன், சரியாக வந்தால் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு, கடை மெஷினுக்குள் ரிமோட்டில் நுழைந்து அதையே கையால் செய்வேன். எட்டு வருடத்தில் ஏழு ஸ்னாப்ஷாட். பெயர்கள்கூட நினைவிருக்கிறது: "நல்லா ஓடுது", "நல்லா ஓடுது 2", "பிரிண்டர் சரி", "தொடாதே".

2025 செப்டம்பர் 3-ஆம் தேதி இரவு ஜிஎஸ்டி கவுன்சில் அறிவிப்பு வந்தது. 12, 28 சதவீத அடுக்குகள் போய்விட்டன, 22-ஆம் தேதி முதல் புது விகிதம். அண்ணாச்சி கடையில் பாதிச் சரக்குக்கு வரி மாறுகிறது: சோப்பு, ஷாம்பூ, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் எல்லாம் 18-இலிருந்து 5-க்கு, நெய், வெண்ணெய் 12-இலிருந்து 5-க்கு. மறுநாள் காலையிலேயே போன். "தம்பி, தேதி மாறுனதும் வரியும் தானா மாறிரணும், பாத்துக்கிடுங்க." நான் எழுதிய மென்பொருளில் சரக்குக்கு எதிரே வரி ஒரே ஒரு கட்டத்தில் இருந்தது. அதை நேரடியாக மாற்றினால் ஆகஸ்டில் விற்ற சோப்பு திரும்பி வந்தால் அதற்கும் 5 சதவீதம் என்று கணக்குப் போடும், அது தப்பு. ஆகவே எந்தத் தேதியிலிருந்து எந்த வரி என்று தனி அட்டவணை போட்டு, பில் தேதியைப் பார்த்து வரியை எடுக்கும்படி மாற்றவேண்டும். ரொம்ப நாள் இருக்கிறதே என்று ஆபீஸ் வேலையில் மூழ்கிவிட்டு, 19-ஆம் தேதி வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டு விஎம்மைத் திறந்தேன்.

திறக்கவில்லை.

நான் அழித்த ஃபைல்

ஏதோ ஒரு ஃபைல் காணவில்லை என்று சொன்னது. ஸ்னாப்ஷாட் ஃபோல்டருக்குள் போய்ப் பார்த்தேன். சுருள் அடைப்புக்குறிக்குள் எண்ணும் எழுத்துமாக நீளமான பெயர் கொண்ட ஃபைல்கள், அதில் ஒன்று குறைகிறது. அது எங்கே போனது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கோடையில் ஒருநாள் டிஸ்க் நிறைந்துபோய், பெரிய ஃபைல்களாகத் தேடி அழித்துக்கொண்டிருந்தபோது, பெயரே புரியாத, பத்துப் பன்னிரண்டு ஜிபி குண்டான ஒன்றை ஷிப்டை அமுக்கிக்கொண்டு டெலீட் அடித்தது ஞாபகம் வந்தது. ஏதோ குப்பை என்று நினைத்தேன். அதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த ஸ்னாப்ஷாட் ஃபைல்.

சரி, பேக்கப் இருக்கிறதே என்று வெளி ஹார்ட்டிஸ்க்கை எடுத்தேன். விஎம்முக்கு டிஸ்க்காக இருக்கும் பெரிய விடிஐ ஃபைலைப் பத்திரமாக நகல் எடுத்து வைத்திருந்தேன், ஸ்னாப்ஷாட் ஃபோல்டரை எடுக்கவில்லை. இங்கேதான் விஷயம். முதல் ஸ்னாப்ஷாட் எடுத்த நிமிடத்தோடு அந்தப் பெரிய ஃபைல் உறைந்துவிடும். அதற்குப் பிறகு நாம் எழுதுவதெல்லாம் தனித்தனி ஃபைலில், ஒன்றின் மேல் ஒன்றாக, படிக்கட்டு மாதிரி அடுக்கப்படும். அடிப்படி ஒன்று போனால் அதற்கு மேலே உள்ள அத்தனை படியும் அந்தரத்தில் நிற்கும், ஒன்றையும் நம்பி ஏறமுடியாது. ஆக என் கையில் மிச்சம் இருந்தது, 2017-இல் அந்த விஎம்மைப் போட்டு முதல் ஸ்னாப்ஷாட் எடுத்த முதல் நாள். உபுண்டு போட்டு, அப்பாச்சி போட்டு, வேறு எதுவும் தொடாத மெஷின்.

சொந்த மெஷினிலேயே ஓட்டிப் பார்க்கலாம் என்றால், அதில் இருப்பது பிஎச்பி 8. தரவுத்தளத்தோடு பேச நான் அன்றைக்கு எழுதிய மைசீக்குவல் கனெக்ட் வகையறாவை எல்லாம் 2015 கடைசியில் வந்த பிஎச்பி 7-லேயே தூக்கிவிட்டார்கள். முதல் வரியிலேயே விழுந்தது. வேறு வழியில்லை, அந்த முதல் நாள் டிஸ்க்கை ஒரு புது விஎம்மில் மாட்டி எழுப்பினேன். ஜன்னலின் ஓரத்தில் ஒரு பச்சை ஆமை வந்து உட்கார்ந்துகொண்டது. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் ஓடுகிற மெஷினில் சிப்பின் அந்த வசதியை விண்டோஸே எடுத்து வைத்துக்கொள்ளும், விர்ச்சுவல்பாக்ஸ் அதன் தயவில்தான் ஓடமுடியும், மெதுவாக ஓடுகிறேன் என்று சொல்லத்தான் அந்த ஆமை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அதைப் பார்க்கச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. கோட், மாற்றங்களைச் சேமித்துவைக்கும் கிட் என்ற மென்பொருளில் இருந்தது, நகலெடுத்துப் போட்டேன். கடையிலிருந்து தரவுத்தளத்தை இறக்கிப் போட்டேன். ஓடியது. பரவாயில்லையே என்று நினைத்தேன்.

காலை 4:45

மறுநாள் சனிக்கிழமை மதியத்துக்குள் வரி மாற்றத்தை எழுதி முடித்துவிட்டேன். சோதனை செய்யவேண்டும். விஎம்மின் கடிகாரத்தைச் செப்டம்பர் 22-க்குத் தள்ளிவைத்தேன். இது விஎம்மில்தான் நிம்மதியாக முடியும், சொந்த மெஷினில் தேதியை மாற்றினால் மற்ற வேலைகளிலும் தேதி குழம்பிவிடும். காலை பத்து மணிக்கு ஒரு பில் போட்டேன், சோப்புக்கு 5 சதவீதம், நெய்க்கு 5 சதவீதம், அருமை. ஆகஸ்ட் பில்லைத் திருப்பினேன், 18. அதுவும் சரி. மூடப்போனவன் எதற்கோ, அண்ணாச்சி விடியற்காலையிலேயே கடை திறப்பவர் ஆயிற்றே என்று நினைத்து, நேரத்தை 4:45 என்று வைத்து இன்னொரு பில் போட்டேன். சுற்றுவட்டாரக் கிராமத்துக் கடைக்காரர்கள் வேன் பிடித்து விடிவதற்கு முன்னாலேயே வந்துவிடுவார்கள், அவருக்குப் பாதி வியாபாரம் ஆறு மணிக்குள் முடிந்துவிடும்.

பில்லில் தேதி 21. சோப்புக்கு 18 சதவீதம்.

மறுபடி போட்டேன், மறுபடி 21. கடிகாரம் 22 என்கிறது, பில் 21 என்கிறது. என் புதுக் கோடை வரிவரியாகப் படித்தேன், தப்பு தெரியவில்லை. இரண்டு மணி நேரம் போனபிறகு அப்பாச்சியின் பிழைப் பதிவைத் திறந்தால், ஒரே எச்சரிக்கை நூற்றுக்கணக்கான தடவை: சிஸ்டத்தின் நேர அமைப்பை நம்பியிருப்பது பாதுகாப்பல்ல என்று. பிஎச்பி 5.4 முதல், நேர மண்டலம் எது என்று நாமாகச் சொல்லாவிட்டால் அது யூடிசி, அதாவது உலகப் பொது நேரம், என்றே எடுத்துக்கொள்ளும். நமக்கும் யூடிசிக்கும் ஐந்தரை மணி நேரம். காலை 4:45 என்றால் அங்கே முந்தைய நாள் ராத்திரி 11:15. அதாவது, காலை ஐந்தரைக்குள் போடும் எல்லா பில்லும் நேற்றைய தேதி, நேற்றைய வரி. பத்தாயிரம் ரூபாய்ச் சோப்புக்கு 1,300 ரூபாய் கூடுதல் வரி.

அப்போதுதான் நினைவு வந்தது. 2017 ஜூலையில், முதல் வாரத்திலேயே அண்ணாச்சி போன் செய்திருந்தார். "தம்பி, இன்னைக்குப் போட்ட பில்லுல நேத்து தேதி விழுது." இதே சிக்கல். இதே பதிவுக் கோப்பு. அன்றைக்கும் இரண்டு மணி நேரம் தேடி, அமைப்புக் கோப்பில் ஆசியா/கொல்கத்தா என்று ஒரு வரி சேர்த்து, விஎம்மிலும் கடை மெஷினிலும் கையால் மாற்றிவிட்டு, சந்தோஷமாக ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து அதற்கு "நல்லா ஓடுது" என்று பெயர் வைத்திருக்கிறேன். ஏன் நல்லா ஓடுது என்று எங்கும் எழுதவில்லை. ரிமோட்டில் கடை மெஷினுக்குள் போய்ப் பார்த்தேன், அந்த வரி அங்கே அப்படியே இருந்தது. கடைக்கு ஒரு ஆபத்தும் வந்திருக்காது. ஆனால் என் மண்டையில் அது இல்லை. எட்டு வருடமாக அந்த ஒரு வரி ஸ்னாப்ஷாட்டுக்குள் இருந்தது, ஸ்னாப்ஷாட் இருக்கிற தைரியத்தில் நான் மறந்துவிட்டேன். அன்று மாலை உட்கார்ந்து கடை மெஷினின் அமைப்புக் கோப்புகளையும் என் முதல் நாள் விஎம்மின் கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். பதினான்கு வித்தியாசம். அதில் ஐந்து எதற்காக என்று எனக்கு இன்றுவரை தெரியாது. போட்டது நான்தான்.

விஎம் உலகத்தில் நிஜ மெஷினை ஹோஸ்ட் என்பார்கள், உள்ளே ஓடுவதை கெஸ்ட் என்பார்கள். வீட்டுக்காரர், விருந்தாளி. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் ஊரில் சொல்லிவைத்தது சும்மா இல்லை. என் விருந்தாளி எட்டு வருடம் தங்கி, அலமாரியில் எது எங்கே இருக்கிறது என்பது அவருக்கு மட்டுமே தெரியும் என்கிற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார். நேரடியாக மெஷினிலேயே போட்டிருந்தால் இது நடந்திருக்காதா? நடந்திருக்கும், வேறு மாதிரி. ஆனால் 2011-இல் ஃபார்மேட் அடித்து அடித்து ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து நிறுவிய காலத்தில், எது எதற்கு வேண்டும் என்று கைவிரலுக்குத் தெரிந்திருந்தது. வெள்ளையடிக்கும்போது வீட்டில் இருக்கிற அத்தனை பாத்திரமும் ஒருமுறை கைக்கு வந்துபோகும் இல்லையா, அது மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை மகாளய அமாவாசை. அம்மா தர்ப்பணத்துக்கு எழுப்பும்வரை தூங்காமல், முதல் நாள் மெஷினை இன்றைய மெஷினாக மாற்றும் கட்டளைகளை வரிசையாகப் போட்டு ஒரு ஸ்கிரிப்டை எழுதினேன். நாற்பது வரிக்குள் வந்துவிட்டது. ஒவ்வொரு வரிக்கும் மேலே ஏன் என்று ஒரு குறிப்பு. நேர மண்டல வரிக்கு மேலே "அண்ணாச்சி 4:45-க்குப் பில் போடுவார்" என்று தமிழிலேயே எழுதினேன். பிறகு விஎம்மை அழித்தேன், டிஸ்க்கின் இன்னொரு நகலை எடுத்து ஸ்கிரிப்டை ஓட்டினேன், வந்தது. மறுபடி அழித்தேன், மறுபடி வந்தது. மூன்றாம் தடவை அழிக்கும்போது பயம் போயிருந்தது. கடை மூடியபிறகு அன்று ராத்திரி புதுக் கோடை ஏற்றினேன். திங்கட்கிழமை காலை 4:52-க்கு வாட்ஸ்அப்பில் ஒரு பில்லின் படம் வந்தது. தேதி 22, சோப்பு 5 சதவீதம். கூட ஒரு வார்த்தையும் இல்லை, அண்ணாச்சியிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு.

இப்போது என் அன்றாட வேலை, எடிட்டர், கிட், குறிப்புகள், என் சொந்தத் திட்டங்கள் எல்லாம் நேரடியாக மெஷினில் இருக்கின்றன. வேறொருவர் வீட்டு மெஷினை ஒத்திருக்கவேண்டியது மட்டும் விஎம்மில், அதுவும் ஸ்கிரிப்டோடு. வேலை முடிந்த அன்றே அழிக்கிறேன். இதை ஆபீஸில் சொன்னபோது கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவன் ஒத்துக்கொள்ளவே இல்லை. "அண்ணா, அதே செப்டம்பர்லதான் என்பிஎம்ல அந்தப் புழு வந்துச்சு, மறந்துட்டீங்களா?" என்றான். அவன் சொன்னது நியாயம். என்பிஎம் என்பது ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை எல்லாரும் எடுத்துக்கொள்ளும் பொதுக் கிடங்கு. 8-ஆம் தேதி சாக், டீபக் மாதிரி எல்லாரும் உபயோகிக்கும் பேக்கேஜ்களுக்குள்ளேயே யாரோ விஷத்தைக் கலந்துவிட்டார்கள், அடுத்த வாரமே இன்னொன்று, கணினியில் உள்ள சாவிகளையும் டோக்கன்களையும் தேடித் திருடித் தானாகப் பரவியது. நிறுவு என்று ஒரு கட்டளை அடித்தால் முன்பின் தெரியாத ஆயிரம் பேருடைய கோட் என் வீட்டுக்குள் நுழைகிறது, அதுவும் மற்ற மெஷின்களுக்குள் ரிமோட்டில் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவி இருக்கிற அதே அலமாரிக்குப் பக்கத்தில். அந்த மாதிரி வேலையை நானும் இப்போது விஎம்முக்குள் தள்ளிவிட்டேன். அப்படிப் பார்த்தால் என் வேலையில் பாதி திரும்பவும் அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. இது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியவில்லை, அவனும் நானும் இன்னும் டீக்கடையில் இதைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சந்தனப் பொட்டு

மிச்சம் இருந்தது கடை மெஷின்தான். எட்டு வருடம் பழைய ஹார்ட்டிஸ்க், அதற்கு ஒரு நகலும் கிடையாது. அது ஒருநாள் படுத்தால் என் ஸ்கிரிப்ட் நிஜ மெஷினிலும் வேலை செய்யுமா என்று பார்த்துவிடவேண்டும் என்று, ஒரு புது எஸ்எஸ்டியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அக்டோபர் 1 ஆயுத பூஜை அன்று விருதுநகர் போனேன். அன்றைக்கு வியாபாரம் இருக்காது, சாவகாசமாகக் கழற்றலாம் என்று கணக்கு. போய்ப் பார்த்தால் மானிட்டரில் சந்தனப் பொட்டு, குங்குமம், கீபோர்டின் மேல் ஒரு முழம் கதம்பம், சிபியூவுக்குப் பக்கத்தில் பொரிகடலை. எடை போடும் தராசுக்கும் அதே மரியாதை. நான் ஸ்க்ரூடிரைவரை வெளியே எடுத்ததைப் பார்த்ததும் அண்ணாச்சி பதறிவிட்டார். "இன்னைக்கு எதுலயும் கை வைக்கக்கூடாது தம்பி. நாளைக்கு விஜயதசமி, காலையில எடுத்துப் பாருங்க." கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை வாங்கி, அதற்கும் ஒரு பொட்டு வைத்துத் தராசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

ராத்திரி அங்கேயே தங்கினேன்.